நைனாவுக்குப் பிள்ளைகள்

"யாருடா செத்தது?" என்று கேட்டுக்கொண்டே ஏட்டு பரந்தாமன் சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்தார். கைப்பிடியில் ஒரு பை நிறைய மாங்காய் தொங்கியது. எந்தத் தோப்புக்காரன் வயிற்றெரிச்சலோ!

"எங்க நைனா, ஏட்டையா" என்றான் செங்கல்வராயன். மொட்டைத் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் அப்போதுதான் நெமிலிச்சேரிக் குளத்திலிருந்து கரையேறியிருந்தான். குரல் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பில் மட்டும் பொய்யில்லை.

அவனைப் பெற்ற ஜம்புலிங்கம் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. இப்போது போனவர் தலைவர். ஒரு காலத்தில் தேசத்துக்கே தலைமை தாங்கியவர், கடைசியில் வடக்கே ஒரு சிறையில் கண்ணை மூடிவிட்டார். அவருக்காக எவரும் கூடித் துக்கம் கொண்டாடக் கூடாது, மீறினால் ஜெயில் என்று சர்க்கார் தமுக்கு அடித்துச் சொல்லியிருந்தது.

கூட்டம்தானே கூடாது? சொந்தத் தகப்பன் செத்தால் தலையை மழித்து முழுக்குப் போடாதே என்று எந்தத் துரை சொல்ல முடியும்? யோசனை செங்கல்வராயனுடையது. பரந்தாமன் ஊருக்குப் புதுசு, எவன் அப்பன் எப்போது செத்தான் என்று அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டான்.

ஏட்டு கரையை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்த்த இடமெல்லாம் மொட்டை. இன்றைக்கென்னவோ அவருடைய சிவப்புத் தலைப்பாகை புருவம்வரை வழிந்து வழிந்து இறங்கியது. அதை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நீ யாரு?"

"நானும் புள்ளதாங்க" என்றான் ஒருவன்.

"நீ?"

"நானுந்தான்" என்றான் அடுத்தவன்.

"ஏண்டா, உங்க நைனா வேற வேலையே பாக்கலியா?"

வரிசையில் கடைசியாக நின்றவர் பூந்தமல்லி அத்தர் வியாபாரி உஸ்மான் கனி. தலைவர் செய்தி கேட்டு வேகாத வெயிலில் நடந்தே வந்திருந்தார்.

"பாய், உனுக்கு இன்னா ஒறவு?"

"வாப்பாங்க."

"சரி. பொணம் எங்க?"

"நேத்தே எரிச்சுட்டோம்" என்று செங்கல்வராயனும், "அடக்கம் பண்ணிட்டோம்" என்று உஸ்மான் கனியும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

அட, பாவி மனுஷா! செங்கல்வராயன் உஸ்மான் கனியை முறைத்தான். போன தடவை அவன் ஜெயிலில் கிடந்தபோதுதான் தலைச்சன் பிள்ளை பிறந்தது. அவன் வெளியே வருமுன்பே அது போயும்விட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இப்போது மனைவி வடிவு மறுபடி நிறைமாசம். இன்றைக்கு விலங்கு பூட்டினால் இந்தப் பிள்ளையின் முகமும் அவனுக்கு இல்லை.

நாவிதன் வேம்புலி மட்டும் எதுவுமே நடக்காததுபோல் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். இவனுக்குத் துளிகூடப் பயமில்லையா என்று செங்கல்வராயனுக்கு எரிச்சலாக வந்தது.

அந்த நேரம் பார்த்தா வடிவு வர வேண்டும்! போலீஸ் வந்திருக்கிறது என்று காதில் விழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். ஏட்டு அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு செங்கல்வராயன் தலையைப் பார்த்தார்.

"இன்னாடா இது? மாசமா கீற பொண்டாட்டிய ஊட்ல வெச்சுகினு எவனாச்சும் தலையில கத்தி வெப்பானா? பெத்தவங்க செத்தா மட்டுந்தானே மொட்ட அடிக்கலாம்? வேற எவனுக்கு அடிச்சாலும் வயித்துப் புள்ளைக்கு ஆவாதுன்னு தெரியாது?"

செங்கல்வராயன் கப்பென்று பிடித்துக்கொண்டான். "அதான் ஏட்டையா நானும் சொல்றேன்! பெத்த அப்பனா இல்லாங்காட்டி அடிப்பனா?"

சொல்லிவிட்டு, தப்பித்தோம் என்று மூச்சு விட்டான். ஏட்டு அவனை விட்டுவிட்டு வடிவின் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, செத்தது உன் மாமனாரா?"

வடிவுக்குப் பொய் சொல்ல வராது. தாலி கட்டிய நாளிலிருந்து செங்கல்வராயனுக்கு அதுதான் தலைவலி.

"இல்லீங்க. மாமனாரு என் கல்யாணத்துக்கு முன்னியே பூட்டாரு. இது தலைவருக்கு. பெத்த அப்பனுக்கும் மேல அவருன்னு நான்தான் அடிச்சுக்கச் சொன்னேன். என் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்றவள், அதற்கு மேல் முடியாமல் ஓவென்று அழுதுவிட்டாள்.

இனி என்ன இருக்கிறது? செங்கல்வராயன் இரண்டு கைகளையும் சேர்த்து விலங்குக்கு நீட்டினான்.

ஏட்டு அந்தக் கைகளைக் கண்டுகொள்ளவில்லை. சைக்கிளுக்குப் போய்ப் பையிலிருந்து இரண்டு மாங்காய் எடுத்து வந்து வடிவின் கையில் வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகத் தலைப்பாகையைக் கழற்றினார். காலையில் மழித்த மொட்டை வெயிலில் பளபளத்தது.

"அழாதம்மா. எங்க ஊட்லயும் மாசமாத்தான் கீறா."