நாகவஜ்ரத்தின் தோல்

பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடத்தில், கறுப்புப் பந்துக்கு ஒரே வயிற்றெரிச்சல். விளையாட வருகிறவர்கள் எல்லாரும் பக்கத்திலிருந்த ஊதாப் பந்தையே தூக்கினார்கள். அதன்மேல் தங்க எழுத்தில் ‘நாகவஜ்ரம்’ என்று இருந்தது. கறுப்பின்மேல் எடையைச் சொல்லும் எண் மட்டும்தான்.

“உன் தோல் எதுல செஞ்சதுப்பா?”

“கம்பெனி ரகசியம்ணே! நாகவஜ்ரம்னா சும்மாவா?” என்றது ஊதா.

மாதக் கடைசியில் இரண்டையும் தேய்த்து மெருகேற்றினார்கள். கறுப்பு மெல்ல உப்புத்தாளிடம் கேட்டது: “அவன் தோலைச் சுரண்டினவன் நீதானே? அப்படி என்னய்யா இருக்கு அதுல?”

உப்புத்தாள் தும்மியது. “ரெண்டு பேரும் ஒரே அண்டாவுல காய்ச்சின பிசின்தான். சாயம்தான் வேற.”

அவன் தோல் ஒசத்தி என்று நினைத்தாவது இதுநாள்வரை மனசை ஆற்றிக்கொண்டிருந்தது கறுப்பு. இப்போது அதுவும் போயிற்று.

“அப்போ அந்தப் பேரை எனக்கே வெச்சிருக்கலாமேய்யா!”