சும்மா வந்தவள்

டமாரென்று சிறையின் இரும்புக் கதவு அறைந்து சாத்தப்படுகிறது. இலவச அப்பீல் அலுவலகத்தில் கோடைப் பயிற்சிக்கு வந்த சட்டக்கல்லூரி மாணவிக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் கைதி வெல்டர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. கம்பி வலையில் சலித்து விழும் மதிய வெயில், மேஜைமேல் கிடக்கும் வக்காலத்துத் தாளைக் கட்டம் கட்டமாக நறுக்குகிறது. பைக்கை ஓட்டிவந்து ஓர் ஆளை மோதிக் கொன்றது இவர்தான் என்பது தீர்ப்பு. விசாரணை முழுக்க இவர் வாயே திறக்கவில்லை. நாளையோடு அப்பீல் கெடு முடிகிறது. இவர் கையெழுத்துதான் பாக்கி; அதை வாங்கிவர அலுவலகத்து வக்கீலம்மா அவளை அனுப்பியிருக்கிறார். தீப்பொறித் தழும்புகள் நிறைந்த விரல் பேனாவை அவள் பக்கமே தள்ளிவிடுகிறது.

“உங்க வக்கீலம்மாவுக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்க?”

“அரசாங்கம்தாண்ணா.”

“என்னை உள்ள தள்ளின வக்கீலுக்கு?”

“அவருக்கும் அரசாங்கம்தான்.”

“நல்லா இருக்கே. ஒரு கை அறையுது, இன்னொரு கை தடவுது. சரி, உனக்கு?”

“எனக்கு யாரும் தரலைண்ணா. லீவுல சும்மா வந்து வேலை செய்யறேன்.”

வாசலில் காவலரின் சாவிக்கொத்து குலுங்குவது நிற்கிறது. வெல்டர் அவளுடைய புதுச் செருப்பையும், விரலிடுக்கில் இருக்கும் பேனா மூடியையும், முகத்தையும் ஏற இறங்கப் பார்க்கிறார். பிறகு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்.

“சும்மாவா? சும்மா கொண்டுபோய் விடறேன்னு ஒருத்தன் சொன்னானேன்னு, அவன் பைக்ல பின்னாடி ஏறி உக்காந்துதாம்மா நான் இங்க வந்து கெடக்கேன்.”