சாப்பாட்டுக்குப் பின் வந்த திருத்தம்

கொறடா தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் இல்லை, சட்டசபையில். அதுவும் ஆளுங்கட்சியின் முதல் வரிசையில், கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, லேசான குறட்டையோடு.

எதிர்வரிசையில் இருந்த நர்ஸக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாருங்க வக்கீல் சார், ஜனங்களோட ஓட்டு போகப் போகுது. இந்த மனுஷன் என்னமா தூங்குறாரு!"

"சாப்பாடு பலம்மா இன்னிக்கு" என்றார் பக்கத்து இருக்கை வக்கீல். அவருக்கே கண் சொக்கியது.

எந்தக் கட்சியும் இல்லாமல் தனியாக நின்று ஜெயித்தவள் அவள். ஆஸ்பத்திரி வேலையை விட்டு வந்த பிறகும் சபை முழுக்க அவளுக்கு நர்ஸக்கா என்றே பெயர்.

அன்று வந்திருந்தது உள்ளாட்சித் தேர்தல் சட்டத் திருத்த மசோதா. தொடர்ந்து இரண்டு தேர்தலில் வாக்குச்சாவடிக்கு வராதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றது அது. செத்தவர் பெயரில் கள்ள ஓட்டு விழாமல் இருக்க நல்ல வழிதான். ஆனால் படுத்த படுக்கையாய் இருப்பவர் என்ன செய்வார்?

அவள் தொகுதியில் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கும் தையல்காரர் ஒருவர் அவளிடம் கேட்டிருந்தார்.

"என் பேரையும் வெட்டிடுவாங்களா நர்ஸக்கா? உசிரோட இருக்கேன்னு ஊருக்குத் தெரியறதே அந்தப் பேராலதான்."

"நான் இருக்கேன்ல, விட்டுடுவேனா?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். எழுந்து வர முடியாதவர் வீட்டுக்கு ஓட்டுப்பெட்டியே போக வேண்டும், அவர் பெயரில் கை வைக்கக் கூடாது என்று ஒரு திருத்தமும் கொடுத்திருந்தாள்.

மசோதாவைக் கொண்டு வந்த அமைச்சர் காலையிலேயே கையை விரித்துவிட்டார்.

"நல்ல யோசனைதாம்மா. ஆனா கட்சியில முடிவு பண்ணியாச்சு. ஒரு எழுத்துகூட மாறாது."

கொறடாவும் தன் ஆட்களை வராந்தாவில் நிறுத்தி உத்தரவு போட்டிருந்தார். "அக்கா கொண்டு வர்றதுக்கு எல்லாரும் 'இல்லை'. மத்ததுக்கெல்லாம் 'ஆம்'. முதல்ல என் குரல். அப்புறம் உங்க குரல். மாத்திச் சொன்னா அடுத்த தடவை சீட்டு கிடையாது, ஆமா!"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. திரைச்சீலைகளின் வழியே வந்த வெளிச்சம் பச்சையாக, குளத்தடியில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. சபாநாயகரின் குரல் தாலாட்டாகவே ஆகிவிட்டது.

"முதல் பிரிவு. ஏற்போர் 'ஆம்' என்க."

"ஆம்" என்றார் கொறடா, கண் திறக்காமலே. வருஷக்கணக்கான பழக்கம். பின்னாலிருந்து எல்லாரும் "ஆஆம்" என்றார்கள்.

"இரண்டாம் பிரிவு..."

"ஆம்."

"ஆஆம்."

நர்ஸக்காவுக்கும் இமை கனத்தது. உத்தரத்து மின்விசிறி தையல்காரர் வீட்டு விசிறியாக மாறியது. கட்டிலில் அவர் படுத்துக்கொண்டு இவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன சொல்வாள் பாவம்?

"மூன்றாம் பிரிவுக்கு உறுப்பினர் கொடுத்த திருத்தம். ஏற்போர் 'ஆம்' என்க."

எதிர்வரிசையில் நாலைந்து பேர் மெலிதாக "ஆம்" என்றார்கள். அடுத்து 'இல்லை' என்ற சத்தத்தில் கூரையே இடிந்து விழும். அதைப் பார்க்கத் திராணியில்லாமல் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆம்!" என்றது ஒரு கனத்த குரல்.

கொறடா!

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஆஆம்."

"எதிர்ப்போர் 'இல்லை' என்க."

ஒரு குரலும் வரவில்லை.

"திருத்தம் ஏற்கப்பட்டது."

அவள் கண் திறந்தாள். ஆளுங்கட்சி மொத்தமும் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அதிகாரியிடம் குசுகுசுத்துக்கொண்டிருந்த அமைச்சர் துள்ளி எழுந்தார்.

"தலைவரே! இது தவறுதலா..."

"தூக்கத்துல சொல்லிட்டாங்கன்னு குறிப்புல ஏத்திக்கட்டுமா?" என்றார் சபாநாயகர் சாந்தமாக.

அமைச்சர் தன் கட்சிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். மேலே பத்திரிகைக்காரர்களையும் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். மசோதா திருத்தத்தோடு நிறைவேறியது.

வராந்தாவில் அமைச்சர் கொறடாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனார். கொறடா பதவி போனது போனதுதான். நர்ஸக்கா கிட்டே போய்க் கைகூப்பினாள்.

"அண்ணே, உங்களை என்னென்னமோ நினைச்சுட்டேன். தூங்கற மாதிரி நடிச்சு எத்தனை பேரைக் காப்பாத்திட்டீங்க!"

"நடிப்பா? அட போம்மா! நிஜமாவே அசந்துட்டேன். கனவுலயும் இதே சபை. அங்கேயும் 'ஆம்' சொல்லிக்கிட்டிருந்தேன். என் சத்தத்துக்கு நானே முழிச்சுக்கிட்டேன்."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அப்போ தூங்கினவங்க போட்ட பிச்சைதானா அண்ணே இது? ஒருத்தருக்குக்கூடவா நியாயம் தெரியல?"

கொறடா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முழிச்சதும் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தேன் தங்கச்சி. பின்னால ஒருத்தர்கூடத் தூங்கல. எல்லாரும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு என்னையே பார்த்தாங்க. 'ஆம்'னு சொல்லி முடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தரா கண்ணை மூடினாங்க. நானும் மூடிக்கிட்டேன்."