பூச்செலவு

“சம்பளம் எவ்வளவுன்னு தரகர் சொல்லிட்டாரு. அது எப்படிப் போகுதுன்னு நீங்க சொல்லுங்க” என்றாள் ஸ்வாதி.

மணிமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்தார். என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று ஏதாவது கேட்பாள் என்றுதான் அவர் தயாராகி வந்திருந்தார். இது அவர் படிக்காத பாடம்.

இலஞ்சி கோயிலுக்கு எதிரே இருந்த டீக்கடை. குற்றாலத்துச் சாரல் இங்கே வரைக்கும் எட்டிப் பார்த்து, கடைத் தகரத்தில் சடசடத்தது. ஸ்வாதியின் அம்மா வடிவம்மாளும் மணிமுத்துவின் அக்கா முருகம்மாளும் கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். “நீங்க ரெண்டு பேரும் வெளிய போய் மனசு விட்டுப் பேசிட்டு வாங்க” என்று அனுப்பி வைத்ததே முருகம்மாள்தான். வடிவம்மாளோ, “நீ சரின்னா எனக்கும் சரிட்டி” என்று ஸ்வாதியிடம் ஒரே வரியில் முடித்துக்கொண்டாள்.

அதனால்தான் ஸ்வாதிக்குப் பயமாக இருந்தது. முழுப் பொறுப்பும் இப்போது அவள் தலையில்.

அப்பா இருந்த காலத்தில் அவர்கள் வீட்டில் சம்பளத்துக்குக் குறைவில்லை. வந்த வழி தெரியும், போன வழிதான் தெரியாது. பத்தாம் தேதிக்கு மேல் அம்மாவின் வளையல் அடகுக்கடைக்கும் வீட்டுக்குமாக நடக்கும். அந்தப் பாடு இன்னொரு முறை வந்துவிடக் கூடாது. மற்றபடி மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. போதாததற்கு, அவளுக்கு வேலை வங்கியில், கடன் பிரிவில். கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்.

“வருசத்துக்கு அஞ்சு லட்சம். பிடித்தம் போக மாசம் நாப்பது கைக்கு வரும்” என்றார் மணிமுத்து. வீரகேரளம்புதூரில் ஒரு அரிசி ஆலையில் அவர் கணக்கர். “வந்த அன்னைக்கே பதினேழாயிரத்தைச் சேமிப்புக்குன்னு தனியா ஒதுக்கிருவேன். வாடகை ஏழு. பலசரக்கு, பால், கேஸ், கரண்டு எல்லாம் சேத்தாலும் பன்னெண்டைத் தாண்டாது.”

“கடன்?”

“பைக்குக்கு இருந்தது. அடைச்சாச்சு.”

“கார் வாங்குத ஆசை?”

“பஸ்ஸு வாசல்லயே நிக்குது. என்னத்துக்கு?”

“சரி, ஆனி ஆடியில குற்றாலம் சீசனுக்கு என்ன செய்வீங்க? சொந்தக்காரங்க வருவாங்கள்லா?”

மணிமுத்து முதல் முறையாகச் சிரித்தார். “மொதல்ல போன் வரும். நல்லா இருக்கியான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ‘தண்ணி விழுதா?’ன்னுதான் கேப்பாங்க.”

ஸ்வாதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தென்காசிக்காரர்கள் எல்லார் வீட்டிலும் அடிக்கிற போன்தான் அது.

“அதுக்கு மாசாமாசம் ரெண்டாயிரம் எடுத்து வைக்கேன். சீசன் செலவு. தண்ணி விழலன்னு பொய் சொல்லி அந்த ரெண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கலாம். ஆனா அந்த ரெண்டு மாசந்தான் என் வீட்டுல ஆள் சத்தம் கேக்கும்.”

சொல்லிவிட்டு அவர் சாரலைப் பார்த்தார். அக்காமாரைக் கரையேற்றி முடிப்பதற்குள் கல்யாண வயதைத் தாண்டி வந்துவிட்ட மனிதர். பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்துக் கடன் கொடுக்கிற வழக்கம் ஸ்வாதிக்கு இல்லை.

“உங்களுக்குன்னு ஒரு செலவும் கிடையாதா?”

“ஞாயித்துக்கிழமை செங்கோட்டைக்குப் போயி பரோட்டாவும் கோழியும் சாப்பிடுவேன். என்ன வேணாலும் குறைச்சுக்கிடுதேன், அதுல மட்டும் கை வைக்கச் சொல்லாதீங்க.” கொஞ்சம் தயங்கினார். “அப்புறம், பூவுக்கு ஐந்நூறு.”

“பூவா? தனியா இருக்க ஆளுக்குப் பூ எதுக்கு?”

“போன மாசம் அக்கா இந்தப் பேச்சை எடுத்தப்ப சேத்தேன். வர்றவங்களுக்குத் தினம் ஒரு முழம் பிச்சி வாங்கிக் குடுக்கணும்லா? கணக்குல சேக்காத செலவுன்னா, கை கடிக்கும்போது மொத வெட்டு அதுக்குத்தான் விழும். நான் நெறைய வீட்டுல பாத்திருக்கேன்.”

ஸ்வாதி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, குரலைக் கறாராக்கிக்கொண்டாள்.

“தினம் வாங்குனா ஐந்நூறு எப்படிப் பத்தும்? முகூர்த்த நாள்ல பிச்சி என்ன விலைன்னு தெரியுமா?”

“தெரியாது” என்றார் அவர் வெகுளியாக. “இதுவரைக்கும் வாங்குனதில்லையே.”

“ஆயிரமாவது வேணும்.”

மணிமுத்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “அப்ப ஆயிரம்னே வச்சுக்கிடுவோம். பரோட்டால குறைச்சுக்கிடலாம்.”

அவ்வளவுதான். ஸ்வாதி எழுந்து கோயில் வாசல் பூக்காரியிடம் போனாள். இரண்டு முழம் பிச்சி கேட்டாள். பின்னாலேயே வந்த மணிமுத்து சட்டைப்பையில் கையை விட்டார்.

“இன்னைக்குப் பூ என் செலவு. உங்க கணக்கு நாளையிலருந்து தொடங்கட்டும்” என்று தடுத்துவிட்டாள்.

பொறுமை தாங்காமல் முருகம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். “ஏலே மணி, இம்புட்டு நேரமா என்னலே பேச்சு? பொண்ணு என்ன சொல்லுதா?”

“பொண்ணுக்குச் சம்மதம் அத்தை” என்ற ஸ்வாதி, இலையில் பொதிந்த பூவை மணிமுத்துவின் கையில் வைத்தாள். “ஆனா நான் சொன்னா மட்டும் போதுமா? கல்யாணப் பொண்ணு உள்ள மண்டபத்துல இருக்காள்லா. அப்பா போனதுக்கப்புறம் எங்கம்மா தலையில பூ வச்சதே இல்ல. வேண்டாம்னுதான் சொல்லுவா, நீங்க விட்டுராதீங்க.”