ஆறாவது குட்டி

"தாய் நாய்க்கு எண்ணத் தெரியுமாப்பா? ஒரு குட்டி குறைஞ்சா அதுக்குத் தெரிஞ்சுடுமா?"

அமிர்தம் அதைக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது. அப்போது அவளுக்கு ஆறு வயது. எல்லையம்மாளிடமிருந்து சிவசாமி மகளுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்த நாள் அது.

இப்போது கையில் வேல்கம்போடு எல்லையம்மாள் வீட்டு வாசலில் நிற்கும்போது, அந்தக் கேள்வி எங்கிருந்தோ வந்து அவன் முன்னால் நின்றது.

எல்லையம்மாள் புழுதியில் குப்புறக் கிடந்தாள். வலது கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் மடங்கியிருந்தது. வீட்டுக்குள் பானைகள் உடைந்துகொண்டிருந்தன. எவனோ கூரைக் கழியை உருவினான். பாதிக் கூரை அவள் கால்மேல் சரிந்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் மகன் வந்துவிடுவான் என்று பயந்தாள்.

மகன் காத்தானைத்தான் தேடி வந்திருந்தார்கள்.

சென்னையில் ஆட்சி மாறி இரண்டு வருஷம். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு, காத்தான் ஆட்களை வயலில் இறங்கவிடாமல் நிறுத்தியிருந்தான். மிராசுதாரின் காரியக்காரர் வைத்தியலிங்கம் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு உச்சிவெயிலில் சேரிக்குள் நுழைந்தார்.

"புது கவர்மெண்டு வந்துட்டா வரப்பும் அவனுதா? இன்னைக்கு அவன் உயிரோட தப்பக் கூடாது. பாவம் புடிக்கும்னு எவனாவது பயந்தீங்கன்னா, திருவிடைமருதூர் போங்கடா. ஒரு வாசல்ல பூந்து இன்னொரு வாசல்ல வெளிய வந்தா, கொலைப் பாவமே கழண்டுடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிவசாமியும் சிரித்தான். தின்பது மிராசு வீட்டுச் சோறு.

எல்லையம்மாளின் செவலை நாய் போடும் குட்டிகளுக்கு நாலு ஊரில் கிராக்கி. நாற்பத்தைந்து நாள் ஆகாமல் குட்டியைத் தரமாட்டாள். வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும், தாய்க்குத் தன் கையால் ஒரு கவளம் சோறு ஊட்டிவிட்டுத்தான் குட்டியைத் தூக்க வேண்டும்.

"அது பெத்ததுங்க. அதுகிட்ட கேக்காம எடுத்தா எப்படிங்க?"

குட்டி வாங்கப் போன அன்று சிவசாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குந்தினான். செவலை அவன் விரலில் பல் படாமல் கவளத்தை வாங்கிக்கொண்டது.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் குட்டிக்கு ரத்தமாகப் போனது. ஆசை மிகுந்து அமிர்தம் எருமைப் பாலை ஊற்றி ஊற்றிக் கொடுத்திருந்தாள்.

சொல்லி அனுப்பியதும் எல்லையம்மாள் வந்தாள். தெரு வழியாக அவள் வரக் கூடாது. வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்தாள். பாலை நிறுத்தினாள். வடிகஞ்சியில் உப்புப் போட்டு, துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாகச் சப்ப வைத்தாள். மாதுளை ஓடு வேகவைத்த தண்ணீரைப் புகட்டினாள். வறுத்த உமியைச் சிறு மூட்டையாகக் கட்டி வயிற்றோடு அணைத்து வைத்தாள். மாட்டுக்கொட்டகைக்கு வெளியே, வெயிலில், நான்கு நாள்.

ஐந்தாம் நாள் குட்டி எழுந்து வாலை ஆட்டியது. அன்றுதான் அமிர்தமும் வாய்விட்டுச் சோறு கேட்டாள்.

உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டான் சிவசாமி.

"நான் குடுத்த குட்டிங்க. அது பொழைக்கிற வரைக்கும் என் பொறுப்பு," என்று சொல்லிவிட்டு அவள் வாய்க்கால் கரையேறிப் போய்விட்டாள்.

இப்போது எல்லையம்மாள் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒருவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அலறியபடி ஓடி வந்தான். விரலிடுக்கில் ரத்தம் ஒழுகியது.

"வைக்கோல் போருக்கு அடியில நாய் குட்டி போட்டுக் கெடக்குங்க. கிட்ட விடமாட்டேங்குது."

வைத்தியலிங்கம் இரண்டடி பின்வாங்கினார். "டேய் சிவசாமி, நீ போ. அது குட்டியக் கொண்டாந்தவன் நீதான? உனக்கு அது சம்பந்தி. போருக்குள்ள நல்லா ஆழமாக் குத்திப் பாரு."

சிவசாமி தனியாகப் போனான். உறுமல் வந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வேலை ஓங்கி இறக்கினான்.

வைக்கோல் இல்லாத எதிலோ அது இறங்கியது.

உருவினான். முனை சிவந்திருந்தது. உள்ளே நாயின் உறுமலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

குந்தி, வலது கையை உள்ளே நீட்டினான். உறுமல் நின்றது. ஈர நாக்கு ஒன்று அவன் விரல்களை நக்கியது. எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு கவளத்தை அது மறக்கவில்லை.

வைக்கோலை விலக்கினான். எண்ணினான். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான். பிறகு வைக்கோலை இழுத்து மூடிவிட்டு எழுந்தான்.

வைத்தியலிங்கம் வேல் முனையைப் பார்த்தார். "என்னடா ரத்தம்?"

"நாய்தாங்க. ஆறு குட்டி போட்டிருக்கு. ஒண்ணு மேல பட்டுடுச்சு."

"காத்தானத் தேடச் சொன்னா நாய்க்குட்டியக் குத்திட்டு வந்து நிக்கிறான் பாரு! கெளம்புடா, உடனே திருவிடைமருதூருக்கு!"

கடிபட்டவன்கூடச் சிரித்தான். காத்தான் ஆற்றைத் தாண்டியிருப்பான் என்று வைத்தியலிங்கம் முடிவு கட்டினார். வெறி தீராத ஒருவன் போகிற போக்கில் எல்லையம்மாளின் முதுகில் உதைத்தான். அவள் முகம் புழுதியை விட்டு நிமிரவில்லை.

சிவசாமி கடைசியாக நடந்தான். அவன் தோளில் துண்டு இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை.

வைக்கோலுக்குள் செவலை பக்கவாட்டில் படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. குட்டிகள் ஐந்து. ஒன்றின் மேலும் கீறல்கூட இல்லை.

அவற்றுக்குப் பின்னால், தன் முன்கையைப் பல்லால் கவ்வியபடி காத்தான் கிடந்தான். குத்துப்பட்ட தொடையைச் சுற்றி ஒரு துண்டு, ரத்தம் நிற்கும்படி, இறுக்கிக் கட்டியிருந்தது.