திறப்பதற்கு முன்
இறந்துபோன குழந்தை ஒன்றின் மருத்துவக் கோப்பை யாரோ தினமும் திறப்பதாகத் தெரிந்ததிலிருந்து, மருத்துவமனைக் கணினிப் பிரிவில் ஜெசிந்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எவன்னு பிடிச்சிரணும் மேடம்" என்றான் புதிதாகச் சேர்ந்திருந்த முத்தையா. அது அவளுடைய மகனின் கோப்பு என்று அவனுக்குத் தெரியாது. கோப்பு திறக்கும் இடத்தில் குறுக்கே சில வரிகளை எழுதிவைத்தாள். திறக்க வருபவரை அவை ஒரு கணம் நிறுத்தும். வந்தது யார், கேட்பது யாருடைய கோப்பு, எதற்கு என்று அவளுக்குக் காட்டும். அவள் விட்டால்தான் திறக்கும். மதியம் திரை மினுங்கியது. கோப்பு: ரூபன். கேட்பவர்: செல்வின், பில்லிங் கவுண்டர். எதற்கு: பார்க்க மட்டும். "அந்தப் பேர இனி வீட்ல எடுக்காத" என்று அவளிடம் கத்திய அதே செல்வின், அவள் கணவன்.

"மாட்டுனானா மேடம்?"

"யாருமில்ல தம்பி" என்றபடி செல்வினுக்குக் கோப்பைத் திறக்க விட்டாள். பிறகு அதே கோப்பைத் தானும் திறந்தாள். 'ஜெசிந்தாவும் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று கீழே அவன் திரையில் இந்நேரம் வந்திருக்கும். மூடிவிடுவான் என்று காத்திருந்தாள். மூடவில்லை. மேசையில் இன்டர்காம் அடித்தது. எடுத்தாள். மறுமுனையில் பில்லிங் கவுண்டரில் பணம் கட்ட நின்றவர்களின் சத்தம் மட்டும் கேட்டது. அவளும் வைக்கவில்லை.