நீலத் தயிர்

ஆய்வுக்கு வந்த அதிகாரியின் விஷவாயு மீட்டர் பூஜ்யம் காட்டியது. தோல் தொழிற்சாலை மேனேஜர் தரையைக் கழுவி, காலையிலிருந்தே எல்லா மின்விசிறிகளையும் ஓடவிட்டிருந்தார்.

தொழிலாளி அமுலு தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டினாள். தயிர் நீலமாக இருந்தது. விஷவாயு பட்டால் நீலமாகி, பிறகு எத்தனை முறை உறை ஊற்றினாலும் வெளுக்கவே வெளுக்காத உறைமோர் அது; ரேஷன் கடையில் தருவது.

"காத்து சுத்தமா இருக்கே, இது எப்படி நீலமாச்சு?" என்றார் மேனேஜர்.

"இன்னிக்கு ஆவல சார். போன மாசம் நாங்கல்லாம் மயங்கி வுழுந்தமே, அன்னிக்கு ஆச்சு. அதுலதான் தெனமும் உறை ஊத்துறேன். தயிரு இன்னும் மறக்கல."

பின்னால் நின்ற பெண்களும் டப்பாக்களைத் திறந்தார்கள். எல்லாம் நீலம்.

அதிகாரி மீட்டரை அணைத்தார்.

"உறைக்குக் கொஞ்சம் தயிர் குடும்மா. கோர்ட்டுல கேஸ் முடியிற வரைக்கும் என் வீட்லயும் ஊத்தணும்."